ஒரு ரூமெட்டின் விலை: ஆம்ட்ராக்கில் பாயின்ட்டா, பணமா?

சிகாகோ யூனியன் ஸ்டேஷனில் பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பும் கலிஃபோர்னியா செஃபயர், அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் ரயில், மூன்றாம் நாள் மாலை நாலு மணி வாக்கில், சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் உள்ள எமரிவில்லுக்குப் போய்ச் சேர வேண்டும். 2,438 மைல், இரண்டு இரவு, ஏறத்தாழ 52 மணி நேரம். இந்த ரயிலில் இரண்டு பேர் படுக்கும் 'ரூமெட்' என்ற சின்ன அறைக்கு, 2016 ஜனவரி 23 வரை 20,000 ரிவார்டு பாயின்ட் கொடுத்தால் போதும். ஜூலை மாதக் கூட்டமானாலும் சரி, பிப்ரவரியின் காலியான நாளானாலும் சரி, அதே 20,000தான். மறுநாள், ஜனவரி 24 முதல், அதே அறைக்கு எத்தனை பாயின்ட் என்பது அன்றைய டிக்கெட் விலையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றாயிற்று.

அந்த ஒரு நாளில் என்ன மாறியது, யாருக்குக் கை கடித்தது, யாருக்கு லாபம், அதற்குப் பிறகு படுக்கை அறைக்குப் பணம் கொடுப்பதா பாயின்ட் கொடுப்பதா என்று எப்படி முடிவு செய்வது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். நட்சத்திர ஹோட்டல், விமானம் என்று பல பாயின்ட் திட்டங்களும் போன பாதைதான் இது. ஆனால் ரயில் அறையில் கணக்கு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. காரணம், அந்த அறைக்கு விலை போடும் விதம்.

அறையும் அதன் விலையும்

ரூமெட் என்பது மூன்றரை அடி அகலம், ஆறரை அடி நீளம். எதிரெதிராக இரண்டு இருக்கைகள், நடுவில் மடக்கி வைக்கிற சின்ன மேசை, பக்கவாட்டில் பெரிய ஜன்னல். இரவானதும் பெட்டியின் அட்டென்டண்ட் வந்து இரண்டு இருக்கைகளையும் இழுத்து ஒன்றாக்கிக் கீழ் பெர்த் ஆக்குவார். மேல் பெர்த் கூரையிலிருந்து இறங்கும். மேற்கே ஓடும் இரட்டை அடுக்கு சூப்பர்லைனர் பெட்டிகளில் மேல் பெர்த்துக்கு ஜன்னல் கிடையாது. படுத்தால் மூக்குக்கு நேராகக் கூரை. தூக்கத்தில் உருண்டு விழாமலிருக்க வார் கட்டிய வலை ஒன்று உண்டு. கழிவறையும் குளியலறையும் பொது. நியூயார்க் பக்கம் ஓடும் பழைய வியூலைனர் பெட்டிகளில் ரூமெட்டுக்குள்ளேயே, இருக்கையை ஒட்டி, கழிவறை இருக்கிறது. அதன் மூடியில் கால் வைத்துத்தான் மேல் பெர்த்துக்கு ஏற வேண்டும். கூட வருபவர் யார் என்று பார்த்து டிக்கெட் எடுப்பது நல்லது.

இதைவிடப் பெரியது பெட்ரூம். ஆறரைக்கு ஏழரை அடி, உள்ளேயே கழிவறையும் ஷவரும் உண்டு. விலையும் அதற்கேற்ப.

நம்மூர் முதல் வகுப்பு ஏசி கூபேயில் பயணம் செய்து பழகியவர்களுக்கு இங்கே ஒரு வித்தியாசம் புரிய வேண்டும். இந்திய ரயில்வேயில் நாம் வாங்குவது பெர்த். கட்டணம் தலைக்கு. கூபே கிடைக்குமா, நான்கு பேர் கேபினில் போடுவார்களா என்பது சார்ட் தயாராகும்போதுதான் தெரியும். ஆம்ட்ராக்கில் வாங்குவது அறை. டிக்கெட் விலையில் இரண்டு பகுதி இருக்கிறது: ஆளுக்கு ஒரு ரயில் கட்டணம், அதற்கு மேல் அறைக்கு ஒரு கட்டணம். அறைக் கட்டணம் ஒருவர் போனாலும் இருவர் போனாலும் ஒன்றே. ஆகவே தனியாகப் போகிறவர் காலி மேல் பெர்த்துக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். இரண்டாவது ஆள் சேர்ந்தால் கூடுவது ரயில் கட்டணம் மட்டும்.

அறைக் கட்டணம் நிலையாகவும் இருப்பதில்லை. விற்க விற்க விலை படி ஏறும். பயணத்துக்குச் சுமார் 11 மாதம் முன்பே பதிவு திறந்துவிடும். கோடைக்காலத்துச் செஃபயரில் கடைசி வாரத்தில் தேடுகிறவருக்கு அறை கிடைத்தால் அது மேல்படி விலையாக இருக்கும், இல்லாவிட்டால் அறையே இருக்காது.

இந்த விலைக்குள் சாப்பாடும் அடக்கம். அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. மேற்கத்திய நெடுந்தூர ரயில்களில் உட்கார்ந்து போகும் கோச் பயணிகளும் டைனிங் காரில் சாப்பிடலாம் என்று திறந்துவிட்டபோது, அவர்களுக்குக் காலை உணவு 20 டாலர், மதியம் 25, இரவு 45 என்று விலை வைத்தார்கள். சிகாகோ – எமரிவில் பயணத்தில் இரண்டு காலை, இரண்டு மதியம், இரண்டு இரவு. ஆளுக்கு 180 டாலர், இருவருக்கு 360. ரூமெட் விலை பார்த்து மலைத்துப் போகிறவர்கள் முதலில் இந்தத் தொகையைக் கழித்துவிட்டுப் பேச வேண்டும். அதே சமயம், கோச்சில் போயிருந்தால் 45 டாலருக்கு இரவுச் சாப்பாடு வாங்கியிருப்பீர்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகும் ஆளுக்கு அந்த 360 டாலர் மிச்சம் என்பது காகிதக் கணக்குதான்.

வரைபடத்தில் கோடு போட்ட காலம்

ஆம்ட்ராக் 1971இல் ஓடத் தொடங்கிய நிறுவனம். அதன் 'கெஸ்ட் ரிவார்ட்ஸ்' திட்டம் 2000இல் வந்தது. 2016 வரைக்கும் அந்தத் திட்டம் அமெரிக்காவைக் கிழக்கு, நடு, மேற்கு என மூன்று மண்டலமாகப் பிரித்து வைத்திருந்தது. ரூமெட்டுக்கு ஒரு மண்டலத்துக்குள் 15,000 பாயின்ட், இரண்டு மண்டலம் கடந்தால் 20,000, மூன்றும் கடந்தால் 35,000. பெட்ரூமுக்கு முறையே 25,000, 40,000, 60,000. ரூமெட்டுக்கு இந்த விலையில் இருவர் போகலாம், சாப்பாடு உட்பட.

கிழக்குக்கும் நடுவுக்கும் எல்லையில் சிகாகோவும் நியூ ஆர்லியன்ஸும் இருந்தன. நடுவுக்கும் மேற்குக்கும் எல்லையில் மொன்டானாவின் வுல்ஃப் பாயின்ட், கொலராடோவின் டென்வர், நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி, டெக்சாஸின் எல் பாசோ. எல்லை ஊர்கள் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தி. எனவே சிகாகோ – டென்வர் ஒரு மண்டலம், டென்வர் – எமரிவில்லும் ஒரு மண்டலம். இரண்டையும் தனித்தனியாக எடுத்தால் 30,000. ஒரே பயணமாக எடுத்தால் 20,000. டென்வரில் இறங்கி ஊர் பார்க்க ஆசைப்பட்டவர் அதற்கு 10,000 பாயின்ட் கூடுதலாகக் கொடுத்தார்.

ரூமெட்டுக்கான மூன்று மண்டல விலையில் மட்டும் அப்படியொரு சலுகை இல்லை. நியூயார்க்கிலிருந்து சிகாகோ 15,000, சிகாகோவிலிருந்து எமரிவில் 20,000, சேர்த்தால் 35,000. ஒரே பயணமாக எடுத்தாலும் அதே 35,000. பெட்ரூமில் 25,000 கூட்டல் 40,000 என்பது 65,000. மூன்று மண்டலமாக எடுத்தால் 60,000. இந்த மாதிரி சந்துபொந்துகளைத் தேடித் தேடிக் கணக்குப் போட்டவர்கள் ஏராளம். மண்டலம் என்று வைத்தாலே எல்லைக்கோட்டில் ஒரு கூட்டம் உட்கார்ந்துவிடும்.

பாயின்ட் சேர்ப்பதிலும் ஒரு சந்து இருந்தது. ரயில் கட்டணத்துக்கு ஒரு டாலருக்கு 2 பாயின்ட் என்பது பொது விதி. ஆனால் எவ்வளவு மலிவான பயணமாக இருந்தாலும் குறைந்தபட்சம் 100 பாயின்ட் தருவார்கள். ஆறு டாலர் டிக்கெட்டில் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் போய் இறங்கினால், நியாயமாக வர வேண்டியது 12, கிடைத்தது 100. பாயின்ட்டுக்காகவே பக்கத்து ஊருக்கு ஏறி இறங்கியவர்கள் இருந்தார்கள். 200 முறை அப்படிப் போனால் செஃபயரில் ஒரு ரூமெட். பொறுமைக்குக் கூலி என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

அதைவிடச் சுலபமான வழி வங்கி அட்டை. சேஸ் வங்கியின் சில கிரெடிட் கார்டுகளில் சேரும் பாயின்ட்டை ஒன்றுக்கு ஒன்றாக ஆம்ட்ராக்குக்கு மாற்ற முடிந்தது. ரொக்கமாக எடுத்தால் ஒரு பாயின்ட் ஒரு சென்ட். அதையே ஆம்ட்ராக்குக்கு மாற்றி, 1,000 டாலர் விலையில் நிற்கும் ரூமெட்டை 20,000 பாயின்ட்டுக்கு எடுத்தால் ஒரு பாயின்ட் ஐந்து சென்ட். வேறு எதில் போட்டாலும் இவ்வளவு வருவது அரிது. அந்த வாசல் 2015 டிசம்பரில் மூடப்பட்டது. அடுத்த மாதம் மண்டல வரைபடமும் போயிற்று.

2016 ஜனவரி 24

புதிய விதி எளிமையானது. பாயின்ட்டின் மதிப்பை டாலரோடு கட்டிவிட்டார்கள். வழக்கமான ரயில்களில் ஒரு டாலர் டிக்கெட்டுக்கு 34.5 பாயின்ட். திருப்பிச் சொன்னால், ஒரு பாயின்ட் 2.9 சென்ட். ஜெட்ப்ளூ 2009இலும் சவுத்வெஸ்ட் 2011இலும் விமானத்தில் செய்ததை ரயிலில் செய்தார்கள், அவ்வளவுதான்.

இதன் விளைவு என்ன என்பதை எண்ணில் பார்த்துவிடலாம். கீழே வரும் டாலர் விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. சிகாகோ – எமரிவில் ரயில் கட்டணம் ஆளுக்கு 150 டாலர் என்று கொள்வோம். ரூமெட் கட்டணம் கூட்டமான காலத்தில் 700, காலியான காலத்தில் 400.

கூட்டமான காலத்தில் இருவர் போனால் மொத்தம் 1,000 டாலர். பழைய விலை 20,000 பாயின்ட், புதிய விலை 34,500. இது அடி. தனியாகப் போனால் 850 டாலர், புதிய விலை 29,325. இதுவும் அடிதான், கொஞ்சம் குறைவு. காலியான காலத்தில் இருவர் என்றால் 700 டாலர், 24,150 பாயின்ட். தனி ஆள் என்றால் 550 டாலர், 18,975 பாயின்ட். கடைசி ஆளுக்கு மட்டும் புதிய விதியில் 1,025 பாயின்ட் மிச்சம்.

பழைய திட்டம் யாருக்காக இருந்தது என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது: கோடையில், ஜோடியாக, கடைசி நேரத்தில், மிக நீண்ட தூரம் போகிறவருக்கு. பண விலை எவ்வளவு ஏறினாலும் பாயின்ட் விலை ஏறவில்லை. அந்த இடைவெளிதான் ஐந்து சென்ட் மதிப்பைக் கொடுத்தது. அந்தச் செலவை ஏற்றது யார்? ஒரு பக்கம் நிறுவனம். இன்னொரு பக்கம், குறைந்த தூரத்துக்கு முழு 15,000 கொடுத்த தனிப் பயணி. அவரைப் பற்றி அப்போது யாரும் அதிகம் பேசவில்லை. மாற்றம் வந்தபோது கூச்சல் போட்டவர்கள் முதல் வகையினர்.

சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடிப்பது சுலபம். பழைய பாயின்ட் விலையை 34.5ஆல் வகுத்தால் போதும். ஒரு மண்டல ரூமெட்டுக்கு 435 டாலர், இரண்டு மண்டலத்துக்கு 580, மூன்றுக்கு 1,014. டிக்கெட் விலை இதற்கு மேல் போனால் பழைய விதி நல்லது, கீழே இருந்தால் புதியது நல்லது. பெட்ரூமில் இந்தக் கோடுகள் 725, 1,159, 1,739 டாலர். கோடைக்காலப் பெட்ரூம் விலைகளைப் பார்த்தவர்களுக்கு, ஏன் அத்தனை பேர் ஜனவரி 23க்குள் அவசர அவசரமாகப் பதிவு செய்தார்கள் என்பது புரியும். 11 மாதம் முன்னதாகவே பதிவு திறந்திருந்ததால், அந்த வருடத்துக் கோடை முழுவதையும் பழைய விலைக்கே பிடித்துக்கொள்ள முடிந்தது.

புதிய விதியில் நல்லதும் இருந்தது. பண்டிகை நாட்களில் பாயின்ட் டிக்கெட் கிடையாது என்ற தடை போயிற்று. 800 பாயின்ட்டிலிருந்தே டிக்கெட் எடுக்கலாம் என்றாயிற்று. 100 பாயின்ட் குறைந்தபட்சமும் போனது, அதை நல்லது என்பதா கெட்டது என்பதா என்பது அவரவர் ஏறி இறங்கிய கணக்கைப் பொறுத்தது.

இப்போது பணமா, பாயின்ட்டா

பாயின்ட் பணத்தோடு கட்டப்பட்டுவிட்டால், விலை ஏறிய அறைக்குப் பாயின்ட்டைப் பயன்படுத்தினால் லாபம் என்ற பழைய நினைப்பு செல்லாது. 2016 விகிதத்தில் 1,000 டாலர் அறையிலும் பாயின்ட் அதே 2.9 சென்ட், 500 டாலர் அறையிலும் அதே 2.9 சென்ட். ஆனாலும் பலர் இன்னும் அப்படியே நினைக்கிறார்கள். 'ஆயிரம் டாலர் அறையைச் சும்மா எடுத்தேன்' என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. அந்த 34,500 பாயின்ட்டில் சில நூறு மைல் கோச் பயணங்கள் பல போயிருந்தாலும் மிச்சமாகியிருப்பது அதே ஆயிரம் டாலர்தான்.

கணக்கில் பலரும் விட்டுவிடும் ஒரு பகுதி உண்டு. பணம் கொடுத்து எடுத்தால் பாயின்ட் சேரும். பாயின்ட் கொடுத்து எடுத்தால் சேராது. 2016 வாக்கில் இருந்த ஆம்ட்ராக் கிரெடிட் கார்டை வைத்துப் பார்ப்போம். டிக்கெட்டுக்கு டாலருக்கு 2 பாயின்ட், அட்டையில் கட்டியதற்கு 3 பாயின்ட். 1,000 டாலர் ரூமெட்டைப் பணத்தில் எடுத்தால் 5,000 பாயின்ட் திரும்பி வருகிறது. பாயின்ட்டில் எடுத்தால் 34,500 போகிறது, வர வேண்டிய 5,000மும் வராமல் போகிறது, ஆக 39,500. அதே அட்டைக்காரருக்குப் பாயின்ட் செலவழித்தால் 5 சதவீதம் திரும்பக் கிடைக்கும் என்ற சலுகை இருந்தது. 1,725ஐக் கழித்துவிட்டால் உண்மைச் செலவு 37,775. வகுத்தால் ஒரு பாயின்ட் 2.65 சென்ட். விளம்பரத்து 2.9க்கும் இதற்கும் உள்ள தூரம் சிறியதுதான். ஆனால் மேல்தட்டு உறுப்பினர் தகுதிக்காக வருடத்துக்கு 5,000 தகுதிப் பாயின்ட் எட்டப் பார்க்கிறவருக்கு அது பெரிய விஷயம். பாயின்ட் டிக்கெட்டில் போன பயணம் அந்தத் தகுதிக் கணக்கில் ஏறாது.

அட்டை வங்கி கை மாறியது, சலுகைகள் மாறின, விகிதமும் அப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. எனவே 34.5ஐ மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளாமல், பதிவு செய்யும் அன்று ஒரே அறைக்கு டாலர் விலையையும் பாயின்ட் விலையையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். அப்புறம் பணம் கொடுத்தால் வரும் பாயின்ட்டைப் பாயின்ட் விலையோடு கூட்டி மறுபடி வகுங்கள். இந்த இரண்டாவது எண், உங்கள் பாயின்ட்டை வேறு எதற்காவது மாற்றினால் கிடைப்பதைவிடக் கூடுதலாக இருந்தால் பாயின்ட்டைக் கொடுக்கலாம்.

என் பார்வையில், மிச்சம் பிடிக்க நினைப்பவர் மெனக்கெட வேண்டியது பயணத் தேதியிலும் பதிவு செய்யும் தேதியிலும். கட்டணப் படி ஒன்று இறங்கினால் டாலர் விலையும் பாயின்ட் விலையும் சேர்ந்தே இறங்குகின்றன. மேலே வைத்துக்கொண்ட விலைகளில் ஜோடிப் பயணிக்குக் காலத்தை மாற்றினாலே 10,350 பாயின்ட் வித்தியாசம். மேலே பார்த்த 5 சதவீதக் கார்டு சலுகை அவ்வளவு கொடுக்காது. கோடை விடுமுறையில்தான் போக முடியும் என்கிற குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. அவர்களால் முடிந்தது, பதிவு திறந்தவுடன் கீழ்ப்படி விலையில் அறையைப் பிடிப்பது.

பாயின்ட்டைப் பதுக்கி வைப்பதற்கும் இப்போது காரணம் குறைவு. பழைய திட்டத்தில் 14,000 பாயின்ட் வைத்திருந்தவர் ரூமெட்டுக்கு இன்னும் ஆயிரம் வேண்டும் என்று காத்திருந்ததில் அர்த்தம் இருந்தது. டாலர் விலை வருடத்துக்கு வருடம் ஏறும்போது, அதனோடு கட்டிய பாயின்ட்டின் வாங்கும் சக்தி தேயத்தான் செய்யும். நம்மூர் ஐஆர்சிடிசி – எஸ்பிஐ அட்டையில் ஒரு பாயின்ட் ஒரு ரூபாய் என்று வைத்திருப்பதும் இதே கதைதான். அங்கே யாரும் முதல் வகுப்பு ஏசிக்காகப் பாயின்ட்டைப் பூட்டி வைப்பதில்லை.

கடைசியாக, இந்த மாற்றத்தில் சத்தமில்லாமல் லாபம் அடைந்த ஒரு பயணத்தைச் சொல்ல வேண்டும். 'சிட்டி ஆஃப் நியூ ஆர்லியன்ஸ்' ரயில் இரவு எட்டு மணி வாக்கில் சிகாகோவை விட்டுக் கிளம்பி, விடியும் நேரத்தில் மெம்ஃபிஸ் சேர்ந்து, மதியத்துக்கு மேல் நியூ ஆர்லியன்ஸ் போகிறது. பழைய திட்டத்தில் மெம்ஃபிஸில் இறங்கினாலும் 15,000, கடைசி வரை போனாலும் 15,000. மெம்ஃபிஸ் ஆள் பாதி வழிக்கு முழு விலை கொடுத்தார். மெம்ஃபிஸ் வரை டிக்கெட் 300 டாலர் என்று வைத்துக்கொண்டால், புதிய கணக்கில் அவர் கொடுப்பது 10,350. ஆனால் அவருக்கு ரூமெட் தேவையா என்பதே எனக்குச் சந்தேகம். சாப்பாட்டு நேரங்கள் ரயிலுக்கு வெளியே போய்விடுகின்றன, ஜன்னலுக்கு வெளியே இருட்டு. கோச் இருக்கை நன்றாகச் சாய்கிறது. நல்ல தூக்கக்காரராக இருந்தால் அந்தப் பத்தாயிரத்தையும் மிச்சம் வைத்து, பகலில் மலை தெரிகிற டென்வர் – எமரிவில் பக்கம் செலவழிப்பது மேல்.